கை கொடுத்தவர்கள்

துன்ப வேளையில் துணை நின்றவனைக் 'கை கொடுத்தான்' என்று சொல்வது தமிழ் வழக்கு. சொல்பவரும் உவமையாகச் சொல்கின்றனர். கேட்பவரும் உவமையாகவே கொள்கின்றனர். ஆனால் உவமையாக அன்று, உண்மையாகவே, விரல் விரலாக, பின்னர் மணிக்கட்டு, பின்னர் முழங்கை, பின்னர் தோள் என்று தவணை முறையில் கையைக் கொடுத்த ஒரு கூட்டம் இவ்வுலகில் இருந்தது. போர்க்களத்தில் அல்ல, பொது மருத்துவமனைகளின் இருட்டறைகளில்! பகைவனின் வாளுக்கு அல்ல, கண்ணுக்குப் புலப்படாத கதிருக்கு! சீட்டை நீட்டி, வரிசையில் நின்று, மூச்சை அடக்கி, படத்தை வாங்கிக்கொண்டு திரும்புகிறோமே, அந்த எக்ஸ்ரே பகுதிக்கு முதன்முதல் பொறுப்பேற்று நடத்தியவர்களின் வரலாறு அது.

அந்த வரலாற்றை நாம் இங்கே எடுத்தெழுதுவது கண்ணீர் வடிப்பதற்காக அல்ல. தியாகம் என்ற சொல் காதில் விழுந்ததும் கை கூப்பிவிட்டு, அது ஏன் நேர்ந்தது, நேர்ந்துதான் தீரவேண்டுமா என்று கேட்க மறந்துவிடும் பழக்கம் நாட்டிலே உண்டு. பகுத்தறிவு பேசுகிற நம்மிடையேயும் உண்டு. அந்தக் கேள்வியைத்தான் கேட்க விரும்புகிறோம்.

1895-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள், ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில், இராண்ட்ஜென் என்ற பேராசிரியர் அந்தக் கதிரைக் கண்டார். பெயர் தெரியாத பொருளுக்குக் கணக்கில் 'எக்ஸ்' என்று குறியிடுவது போல எக்ஸ்-கதிர் என்று பெயரிட்டார். திசம்பர் 22-ஆம் நாள் மனைவியின் கையைப் படம் பிடித்தார். எலும்பும் மோதிரமும் தெரிந்தன. காப்புரிமை வாங்கிக் கோடி குவித்திருக்கலாம், வாங்கவில்லை. 1901-இல் இயற்பியலுக்கென வழங்கப்பட்ட முதல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்தப் பணத்தையும் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார். இது பலரும் அறிந்த கதை, நீட்டத் தேவையில்லை. நாம் சொல்ல வந்தது அடுத்த அதிகாரம். கண்டுபிடித்தவன் கதையைப் பாடநூல் சொல்லும்; அதை நாள்தோறும் ஏழைக்குப் பயன்படுத்தியவன் கதையை யார் சொல்வது?

கதிர் வெளியாகி மூன்று மாதம் கூட முடியவில்லை, 1896 மார்ச்சில் கிளாஸ்கோ அரச மருத்துவமனையில் ஜான் மெக்கிண்டைர் என்ற மருத்துவர் அதற்கெனத் தனிப் பகுதி ஒன்றைத் தொடங்கிவிட்டார். உலகின் முதல் மருத்துவமனை எக்ஸ்ரே பகுதி அதுதான் என்பர். சிறுநீரகத்துக் கல்லைக் காட்டினார். குழந்தையின் தொண்டையில் சிக்கிய காசைக் காட்டினார். தவளையின் கால் அசைவதைச் சலனப்படமாகவே எடுத்துக் காட்டினார். மாயக்கண்ணாடியில் ஊர்க்கோடி தெரிந்ததாகக் கதை கேட்டு வளர்ந்த உலகுக்கு, மந்திரம் இன்றி, மை தடவுதல் இன்றி, மனிதனின் உள்ளே இருப்பது தெரிந்தது!

பாரிசுக்கு வருவோம். அந்நகரின் பொது மருத்துவமனைகள் அனைத்தும் 'அசிஸ்தான்ஸ் புப்ளிக்' என்னும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருந்தவை. பெயருக்கே பொது உதவி என்பதுதான் பொருள். ஏழைக்கு மருத்துவம் செய்வது அதன் கடமை. 1897-இல் அந்த நிர்வாகத்தின் தெனோன் மருத்துவமனையில் அந்துவான் பெக்ளேர் என்ற மருத்துவர் எக்ஸ்ரே கருவியை நிறுவினார். நிர்வாகத்தின் செலவில் அல்ல, தம் சொந்தப் பணத்தில்! காச நோயாளிகளின் மார்பைத் திரையில் பார்த்து நோயைத் தொடக்கத்திலேயே பிடித்துவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். சக மருத்துவர்களோ, 'இவர் படக்காரர் ஆகிவிட்டார். நம் குலத்துக்கே இழுக்கு' என்று முணுமுணுத்தனராம். குலப்பெருமை பேசுவோர் பாரிசிலும் உண்டு போலும்!

பெக்ளேர் செய்த வேலைகளில் ஒன்றை மட்டும் விரித்துச் சொல்ல வேண்டும். அந்நாளில் ஒளிரும் திரையில் நேரடியாகப் பார்ப்பார்கள். திரையின் ஒளியோ மிக மங்கல். வெயிலிலிருந்து வந்தவன் உடனே பார்த்தால் ஒன்றும் தெரியாது. தெரியவில்லையே என்று கதிரின் வலிமையைக் கூட்டுவான், நேரத்தை நீட்டுவான். கூடுவது யாருக்கு? நோயாளிக்கும், எதிரே நிற்கும் அவனுக்குமே! பெக்ளேர் 1899-இல் இதை ஆராய்ந்து, கண் இருளுக்குப் பழகும் வரை மருத்துவர் இருட்டில் பொறுத்திருக்க வேண்டும் என்றார். செலவில்லாத சீர்திருத்தம். பத்துப் பதினைந்து நிமிடப் பொறுமை, அவ்வளவே. கதிரிலிருந்து தம்மைக் காத்துக்கொள்வதிலும் அவர் தொடக்கம் முதலே கருத்தாயிருந்தார். எண்பது வயதைக் கடந்து 1939 வரை வாழ்ந்தார். கைகள் இரண்டும் கடைசிவரை இருந்தன.

அதே நிர்வாகம், அதே நகரம். சல்பேத்ரியேர் மருத்துவமனையின் எக்ஸ்ரே ஆய்வகத்தை நடத்தியவர் சார்ல் அன்ஃப்ருவா. லரிபுவாசியேர் மருத்துவமனையின் ஆய்வகத்தை நடத்தியவர் சார்ல் வையான். நாள்தோறும் நோயாளிகள் வந்துகொண்டே இருந்தனர். இவர்கள் படம் எடுத்துக்கொண்டே இருந்தனர். தோல் சிவந்தது, வெடித்தது, ஆறாத புண்ணாயிற்று, புற்றாயிற்று. அன்ஃப்ருவாவுக்கு அறுவைமேல் அறுவை, 1920-இல் மறைந்தார். வையான் விரல்களை இழந்தார், பின்னர் இரு கைகளையுமே இழந்தார். பிரெஞ்சு அரசு அவர் மார்பில் விருதைக் குத்தியது. குத்திய விருதைத் தொட்டுப் பார்க்க அவருக்குக் கை இல்லை!

கதிர் ஏன் கையையே குறி வைத்தது? இதற்கு விடை ஊழ்வினையில் இல்லை, வேலை முறையில் இருக்கிறது. அந்நாளைய கண்ணாடிக் குழல்களுக்குள் சிறிதளவு காற்று எஞ்சியிருக்கும். அது நாளுக்கு நாள், மணிக்கு மணி மாறும். ஆகவே கதிரின் ஊடுருவும் வன்மையும் மாறும். இன்று குழல் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் நோயாளியைப் படுக்க வைக்க முடியாதே! என்ன செய்வார்கள்? ஒரு கையில் திரையைப் பிடித்துக்கொண்டு மறு கையைக் குழலுக்கும் திரைக்கும் நடுவே நீட்டுவார்கள். எலும்பு தெளிவாகத் தெரிகிறதா? சரி, தொடங்கலாம். காலையில் ஒரு முறை, குழலை மாற்றினால் ஒரு முறை, ஐயம் வந்தால் ஒரு முறை. ஆண்டுக்கு எத்தனை முறை என்று யாரும் எண்ணவில்லை. உப்புப் பார்க்கச் சமையற்காரன் நாக்கில் விட்டுப் பார்ப்பது போல, கதிரைப் பார்க்கத் தம் கையை விட்டுப் பார்த்தார்கள்.

இதற்கு மாற்று இல்லையா? இருந்தது! இறந்தவரின் கை எலும்புகளைக் கோத்து ஒரு பலகையில் பொருத்தி, அதைக் கதிரின் வழியில் வைத்துப் பார்த்தால் போதும். அப்படிப்பட்ட கருவியைச் சிலர் 1900-களின் முற்பகுதியிலேயே செய்தும் விட்டனர். செத்தவன் கை செய்யக்கூடிய வேலைக்கு வாழ்கிறவன் கையைக் கொடுத்திருக்கிறார்கள். இதைத் தியாகம் என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட நமக்கு மனம் வரவில்லை.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வில்லியம் ரோலின்ஸ் என்ற பல் மருத்துவர் 1901-இல் கினிப்பன்றிகளைக் கதிருக்கு உட்படுத்திப் பார்த்தார். அவை மாண்டன. தீப்புண் இல்லை, மின் அதிர்ச்சி இல்லை, கதிரே கொன்றது. உடனே எழுதினார்: குழலை ஈயம் கலந்த உறைக்குள் அடையுங்கள், பார்ப்பவர் கண்ணுக்குக் காப்பு வையுங்கள், நோயாளியின் உடலில் தேவையான இடத்தைத் தவிர மற்றதை மறையுங்கள் என்று. இன்றைய பாதுகாப்பு நூல்களின் முதல் பக்கத்தில் இருப்பது இதுதான். அன்று கேட்டவர் சிலரே. பல் பிடுங்குகிறவன் சொல்லி மருத்துவப் பெருமகன் கேட்பதா? சொல்வது யார் என்று பார்த்து, சொல்லப்பட்டது என்ன என்று பாராதவர்கள் கற்றோர் அவையிலும் இருந்தனர். மூன்றே ஆண்டுகளில், 1904-இல், எடிசனின் எக்ஸ்ரே ஆய்வில் உழைத்த கண்ணாடித் தொழிலாளி கிளாரன்ஸ் டாலி கைகளை இழந்து, உயிரையும் இழந்தார். அதற்கு முன்பே எடிசன் அஞ்சி அந்த ஆய்வையே கைவிட்டிருந்தார். முதலாளி கைவிட்டார், தொழிலாளி கையை விட்டார்.

பிலடெல்பியா பொது மருத்துவமனை நகராட்சிக்குச் சொந்தமானது. வறியோர் விடுதியிலிருந்து வளர்ந்தது. அதன் எக்ஸ்ரே ஆய்வகத்துக்கு 1903-இல் தலைமை ஏற்றவர் மிஹ்ரான் கசபியன், துருக்கிய ஆட்சியின் கீழிருந்த மண்ணிலிருந்து வந்து குடியேறிய ஆர்மீனியர். தம் கைகள் அழுகிவருவதைக் கட்டம் கட்டமாகப் படம் எடுத்துக் குறிப்பு எழுதி வைத்தார். 1907-இல் வெளிவந்த அவரது பெரிய பாடநூலிலும் அந்தக் கைகள் இருக்கின்றன. தம்மையே நோயாளியாகவும் தம்மையே சான்றாகவும் ஆக்கிக்கொண்ட அந்த அறிவாளர் 1910-இல், நாற்பது வயதை எட்டுமுன், மறைந்தார்.

இனி, நம் தோழர்கள் தவறாமல் அறிந்துகொள்ள வேண்டிய ஒருவர். இங்கிலாந்தின் பர்மிங்காம் பொது மருத்துவமனையில் எக்ஸ்ரே பொறுப்பில் இருந்த ஜான் ஹால்-எட்வர்ட்ஸ். 1896 சனவரியிலேயே கையில் புதைந்த ஊசியைப் படத்தில் காட்டியவர். அடுத்த மாதமே அத்தகைய படத்தை வைத்துக்கொண்டு அறுவை நடக்க வழி செய்தவர். தமக்கு வந்த நோயை மறைக்காமல் எழுதிப் பிறரை எச்சரித்தவர். 1908-இல் இடது முன்கை போயிற்று; வலக்கையின் விரல்களும் போயின. அரசு ஆண்டுக்கு 120 பவுன் உதவித்தொகை கொடுத்தது.

அத்துடன் அவர் கதை முடியவில்லை. 1920 திசம்பரில், ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டாயில், காட்டிங்லி என்ற சிற்றூரில் இரு சிறுமியர் எடுத்த படங்களை ஏட்டில் வெளியிட்டு, 'இதோ, வனதேவதைகள்! சிறகு முளைத்த சின்னஞ்சிறு தெய்வங்கள்!' என்று உலகுக்கு அறிவித்தார். துப்பறியும் கதையில் சாம்பலைக் கூடச் சலித்துப் பார்த்த எழுத்தாளருக்குத் தேவதை என்றதும் துப்பு மறந்துவிட்டது. அப்போது எழுந்து, இப்படங்கள் பொய்யாகச் செய்யப்பட்டிருக்கக்கூடியவை, பிள்ளைகளின் உள்ளத்தில் இத்தகைய மூடக் கருத்தை விதைப்பது பின்னாளில் அவர்கள் மனநலத்தையே கெடுக்கும் என்று துணிந்து சொன்னவர்களில் ஒருவர் யார் தெரியுமா? கையிழந்த ஹால்-எட்வர்ட்ஸ்! கண்ணுக்குத் தெரியாத ஒன்று உண்மையிலேயே இருக்கிறது என்பதற்குத் தம் கையையே சான்றாகக் கொடுத்தவர் அவர். ஆகவே, கண்ணுக்குத் தெரியாதது எல்லாம் இருக்கிறது என்று சொல்ல வந்தவரிடம் சான்று கேட்க அவருக்கு எவரினும் மேலான உரிமை இருந்தது. 1983-இல் அந்தச் சிறுமியர், அதற்குள் மூதாட்டிகள் ஆகிவிட்டவர்கள், அட்டையில் வெட்டிய உருவங்களே அவை என்று ஒப்புக்கொண்டனர். கேட்க ஹால்-எட்வர்ட்ஸ் இல்லை, 1926-இலேயே மறைந்துவிட்டார்.

ஜெர்மனியின் ஆம்பர்க் நகரில் புனித ஜார்ஜ் மருத்துவமனை. அங்கே 1903 முதல் எக்ஸ்ரே பகுதியின் தலைவர் ஆல்பர்ஸ்-ஷோன்பர்க். கதிர்பட்ட ஆண் விலங்குகள் மலடாவதை அவ்வாண்டிலேயே ஆய்ந்து சொன்னவர் அவரே. அப்படியிருந்தும் இடக்கையை இழந்தார். 1921-இல் உயிரும் இழந்தார். அந்த மருத்துவமனைத் தோட்டத்தில் 1936-இல் ஒரு கல்தூண் எழுப்பினர். கதிர்ப்பணியில் மாண்ட 15 நாட்டினர் 169 பேரின் பெயர்கள் அதில். நாடு, இனம் என்று பிரிக்காமல் பெயர்களை அதில் பொறித்தார்கள். அந்த ஆண்டில் ஜெர்மனியை ஆண்டவர்கள் யார் என்பதை எண்ணிப் பார்த்தால் இந்தச் செய்தியின் அருமை விளங்கும். திறப்பு விழாவில் பேசியவர்களில் பாரிசின் பெக்ளேரும் ஒருவர். எண்பது வயதில், முழுக் கைகளோடு.

தூணை நாம் பழிக்கவில்லை. ஆனால் தூண் எழுப்பியதைவிடப் பெரிய காரியம் ஒன்று அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே நடந்துவிட்டது. அதற்குத் தூணும் இல்லை, மாலையும் இல்லை. 1921 மார்ச்சில் இலண்டன் சேரிங் கிராஸ் மருத்துவமனையின் கதிரியல் மருத்துவர் அயர்ன்சைட் புரூஸ் இரத்தம் வற்றி இறந்தார். இதழ்கள் கொதித்தன, மக்கள் அஞ்சினர். சில மாதங்களுக்குள் பிரிட்டனில் எக்ஸ்ரே, ரேடியம் பாதுகாப்புக் குழு கூடி விதிகளை வெளியிட்டது. என்ன விதிகள்? நாளுக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஞாயிறு விடுமுறை, அதோடு வாரத்தில் இரண்டு அரைநாள் ஓய்வு, அந்த ஓய்வு கூடிய மட்டும் வெளியே திறந்த காற்றில் கழியவேண்டும். ஆண்டுக்கு ஒரு மாத விடுமுறை, அல்லது இரு முறை பதினைந்து நாள். எக்ஸ்ரே அறை தரைக்குக் கீழே நிலவறையில் இருக்கலாகாது, காற்றோட்டம் வேண்டும். குழலுக்கு ஈயக் காப்பு வேண்டும்.

இதைப் படித்துப் பாருங்கள்! இது மருத்துவ நூலா, தொழிலாளர் கோரிக்கைப் பட்டியலா? இரண்டும்தான்! எட்டு மணி நேர வேலைக்காக ஆலைத் தொழிலாளர் போராடிக்கொண்டிருந்த காலத்தில், ஏழு மணி நேரம் என்று எழுதி வைத்தது ஓர் அறிவியல் குழு. 1928-இல் ஸ்டாக்ஹோம் நகரில் கூடிய உலகக் கதிரியல் மாநாடு ஏறத்தாழ இதே விதிகளை உலகுக்குப் பொதுவாக்கியது. கை கொடுப்பதற்கு முடிவு வரத்தொடங்கியது அந்த வரிகளால்தான். தனிமனிதர் வீரத்தால் அல்ல, வேலை நேரத்தையும் அறையையும் காப்பையும் குறித்த சில வறண்ட வாக்கியங்களால்!

பணியாளரைக் காத்தாயிற்று, நோயாளியை? பிரிட்டனில் ஆலிஸ் ஸ்டூவர்ட் என்ற பெண் மருத்துவர், பிள்ளைகள் ஏன் புற்றுநோயால் இறக்கிறார்கள் என்று அறிய விரும்பினார். புள்ளிவிவரப் புலிகளைக் கேட்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரைக் கேட்கச் செய்தார். கருவுற்றிருந்தபோது வயிற்றில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டேன் என்ற விடை, பிள்ளையை இழந்தோரிடம் மற்றவரினும் ஏறத்தாழ இருமடங்காக வந்தது. 1956-இல் முதற்குறிப்பு, 1958-இல் முழு அறிக்கை. உலகம் உடனே ஏற்றதா? இல்லை. 'தாய்மாரின் நினைவை நம்பி அறிவியலா?' என்று எள்ளினர். கருவுற்ற பெண்ணுக்குப் படம் எடுக்கும் வழக்கம் மெல்ல மெல்லத்தான் தேய்ந்தது. இன்று எக்ஸ்ரே அறைக் கதவில், 'கருவுற்றிருந்தால் முன்னரே சொல்லவும்' என்று எழுதியிருக்கிறதே, அந்தப் பலகைக்குப் பின்னே அந்தத் தாய்மாரின் விடைகள் இருக்கின்றன.

நம் நாட்டிலும் இந்தத் துறைக்கு நீண்ட மரபு உண்டு. சென்னைப் பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியல் நிலையம் 1934-இல் அமைந்தது. போர்முனைக்கு எக்ஸ்ரே வண்டிகளை ஓட்டிச் சென்ற மேரி கியூரி அம்மையார் கதிரால் இரத்தம் கெட்டு மறைந்ததும் அதே ஆண்டில்தான். 1983-இல் அணு ஆற்றல் ஒழுங்குமுறை வாரியம் ஏற்பட்டது. 2004-இல் கதிர்ப் பாதுகாப்பு விதிகள் வந்தன. கதிர்ப்பணியாளர் ஒருவர் ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டுக்கு மேல் பெறக்கூடாது. எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக்கூடாது. பணியாளர் மார்பில் குத்தியிருக்கும் சிறு பட்டை அதைக் கணக்கெடுக்கும். வையானின் மார்பில் விருது இருந்த இடத்தில் இன்று அளவி இருக்கிறது. எது மேல் என்று நம்மைக் கேட்டால் தயங்காமல் சொல்வோம், அளவியே மேல்! ஆனால் அது மேசை அறையில் கிடந்தால் மேசைக்கு எவ்வளவு கதிர் பட்டது என்றுதான் சொல்லும்.

இங்கேதான் துறையை நடத்துபவரின் வேலை வருகிறது. வெளிப்பார்வைக்கு அது ஓர் எழுத்தர் வேலை. ஈயக் கவசம் மடித்து வைக்கப்பட்டு உள்ளே விரிசல் விட்டதா என்று கதிரிலேயே வைத்துப் பார்க்க வேண்டும். எத்தனை படங்கள் வீணாகித் திரும்ப எடுக்கப்பட்டன, ஏன், என்று எண்ண வேண்டும். திரும்ப எடுத்த படம் ஒவ்வொன்றும் ஏழையின் உடலில் காரணமின்றி ஏற்றிய கதிர் அன்றோ! அழுகிற குழந்தையைப் பிடித்துக்கொள்ள நாள்தோறும் ஒரே ஊழியரை அழைக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். தாய் பிடித்தால் அவளுக்குக் கவசம் உண்டா, அவள் கருவுற்றிருக்கிறாளா என்று கேட்க வேண்டும். வயிற்றுக்கு ஒரு சி.டி. படம் என்பது மார்பு எக்ஸ்ரேயைப் போல ஏறத்தாழ நூறு மடங்கு கதிர், சில வேளை அதற்கும் மேல். 'எதற்கும் ஒன்று எடுத்துவிடுங்கள்' என்று சீட்டு எழுதி அனுப்பும் பெரிய மருத்துவரிடம், 'எதற்கு?' என்று திருப்பிக் கேட்க வேண்டும். இந்தக் கடைசி வேலைதான் கடினம். பதவியில் பெரியவர் எழுதிய சீட்டு அது, வெளியே நூறு பேர் வரிசை, கருவி ஒன்று, ஆள் இருவர். கேள்வி கேட்டால் தகராறு, எடுத்துக் கொடுத்தால் நிம்மதி.

அவருக்கு மாலை போடுவார் இல்லை. படம் சரியாக வந்தால் பாராட்டு அறுவை மருத்துவருக்கு. கருவி பழுதானால் வசவு இவருக்கு. உள்ளே வரும் தொழிலாளியோ, கூலி நாளை இழந்து வந்த குடியானவனோ, இருமலோடு வந்த மூதாட்டியோ இவர் பெயரை அறியார். எடுக்காமல் விட்ட படத்தால் எவருக்கு வராமல் போன நோய் எது என்று காட்ட எந்தக் கருவியும் இல்லை. அதனால் அது எந்த அறிக்கையிலும் ஏறுவதில்லை.

ஆம்பர்க் தூணில் முதலில் பொறித்த 169 பெயர்களுக்குப் பின்னும் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. இடம் போதாமல் பக்கத்தில் வேறு கற்களும் நட்டார்கள். பெக்ளேரின் பெயர் அவற்றில் இல்லை.